வீட்டோடு ஒருவர் – 9: மாமாவின் மரம்

“அவர் நல்லவர்தான், ஆனா…”

போன வாரம் மாமியார் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்த இந்த வாக்கியத்தை ‘ஆனா’ வரைக்கும் கேட்டுவிட்டு, வந்த வழியே மாடிப்படி ஏறிப் போய்விட்டார் நம் மாப்பிள்ளை. இன்னும் இரண்டு நிமிடம் நின்று மிச்சத்தையும் கேட்டிருந்தால் இந்த வாரம் இத்தனை ரகளை நடந்திருக்காது. ஆனால் மனசு நொந்துபோன மனிதனுக்குப் பாதி வாக்கியம் தாராளம். மீதியை அவனே எழுதிக்கொள்வான். அதுவும் எதிராளி சொல்லக்கூடியதைவிடப் பத்து மடங்கு மோசமாக எழுதிக்கொள்வான்.

வேலை பார்த்த அச்சகம் மூடிப்போய், வாடகை வீட்டைக் காலி செய்து, மனைவியின் பெற்றோர் வீட்டு மாடியறைக்கு அவர் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். மாமியார் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். மாமனார் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் வேலை இல்லாத ஒரே ஆள் மாப்பிள்ளை.

இதற்காக யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் கஷ்டமே. மாமனார் மரியாதை கொடுத்துக் கொடுத்தே மனிதரைக் கொன்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். பேப்பரைத் தான் பிரிக்காமல் முதலில் அவரிடம் நீட்டுவார். போன மாதம் கூடத்தில் பல்பு போனபோது மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். மாமனார் ஓடிவந்து, “நீங்க எதுக்கு மாப்பிள்ளை, இறங்குங்க, நான் பாத்துக்கறேன்” என்று கையிலிருந்த பல்பை வாங்கிக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டு மரியாதை என்று அவர் நினைத்தார். ஒரு பல்புக்குக்கூட லாயக்கில்லாதவன் ஆகிவிட்டோம் என்று இவர் நினைத்தார்.

‘ஆனா’வைக் கேட்ட அன்றே மாப்பிள்ளை வெளியூர் அச்சகம் ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் இன்னொரு அவமானம் மிச்சம் என்று கணக்கு.

இன்று காலை, மனைவி வேலைக்குப் போன சற்று நேரத்தில் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

“திங்கட்கிழமை சேரணும். ஃபேமிலிக்கு இடம் கிடையாது, ரூமுக்கு ஆறு பேர், ஒரு கட்டில் தருவோம். ஒரு வருஷத்துக்கு லீவு கேக்கக் கூடாது. சம்மதமா?” என்றார் மேனேஜர்.

“சாயங்காலம் சொல்றேன் சார்.”

“சாயங்காலம் கட்டாயம் சொல்லிடணும். இல்லேன்னா கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

சாயங்காலம் சொல்வதாகச் சொன்னாரே தவிர, மாப்பிள்ளையின் மனசு அப்போதே ரயிலேறிவிட்டது. போவதற்கு முன்னால் இந்த வீட்டுக்கு உருப்படியாக ஏதாவது ஒன்று செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பின்கட்டில் புல் கணுக்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. மாமனாரோ வெளியூரில், சாயங்காலம்தான் வருவார். ‘நான் பாத்துக்கறேன்’ என்று கத்தியைப் பிடுங்க ஆளில்லை.

இறங்கி வந்து தையல் மெஷின் பக்கம் நின்றார்.

“அத்தை, பின்னாடி புல்லு நிறைய வளந்திருக்கு. வெட்டிடட்டுமா?”

மாமியார் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, “உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை அந்த வேலையெல்லாம்?” என்றார்.

“சும்மாதானே உக்காந்திருக்கேன்.”

அந்த ‘சும்மா’ மாமியாருக்குச் சுருக்கென்றது. “சரி, வெட்டுங்க. வெயிலுக்குத் தலையில துணி கட்டிக்கோங்க. ஒண்ணு மட்டும், மாமாவோட மரத்துகிட்ட ஜாக்கிரதை. அதுல கைபட்டா மனுஷன் வீட்டை ரெண்டாக்கிடுவார்.”

“அதை நான் பாத்துக்கறேன் அத்தை. நீங்க கவலையே படாதீங்க.”

ஐந்து மாதமாக அதே வீட்டில் இருக்கும் மனிதர், மாமாவின் மரம் எது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்கட்டில், சுவரை ஒட்டி, கிளை பரப்பி, அடர்ந்து ஒரே ஒரு மரம்தான் நின்றது. மாமனார் தினமும் காலையில் தேநீர் டம்ளரோடு பின்கட்டுக்குப் போய்த் தனியாக நிற்பார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். பெரியவர் நிம்மதியாக நிற்கும் ஒரே இடம், அங்கே போய்ப் பல்லைக் காட்டக் கூடாது என்று அந்த நேரத்தில் அவர் மாடியை விட்டே இறங்க மாட்டார். ஆகவே மாமனார் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதை அவர் பார்த்ததே இல்லை.

இரண்டு வீடு தள்ளிப் புல் வெட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்தார். முதல் வேலையாக அந்தப் பெரிய மரத்தின் அடியில் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டினார். மெஷினிலிருந்து கல் தெறித்துப் பட்டை உரிந்துவிட்டால்? அதைச் சுற்றியிருந்த புல்லை மெஷினை நம்பாமல் கையாலேயே பிடுங்கினார். தாழ்ந்து கிடந்த கிளைக்கு முட்டுக் கொடுத்தார். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாக.

பிறகுதான் மெஷினை முடுக்கினார். அச்சகத்தில் அவர் வேலை காகிதம் வெட்டுவது. அடுக்கிய காகிதத்தில் ஒரு தாள் மயிரிழை நீண்டிருந்தாலும் அவர் கண்ணை உறுத்தும். அதே கண்ணோடு பின்கட்டை வரிவரியாக வெட்டிக்கொண்டு வந்தார். நட்ட நடுவே செங்கல்லை வட்டமாக வைத்து, அதற்குள் ஒரு புல் கொத்து. மற்றப் புல்லையெல்லாம்விட நீளம், முழங்கை நீளம், பச்சைப் பசேலென்று நாலாபக்கமும் வழிந்து கிடந்தது. எந்தக் காலத்திலோ ஏதோ வேலை செய்தவர்கள் விட்டுப்போன செங்கல் போல என்று எண்ணி, அவற்றை எடுத்துச் சுவரோரம் அழகாக அடுக்கினார். கொத்தின் மேல் மெஷினை ஏற்றினார். அது முரண்டு பிடித்தது. திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை ஏற்றினார். அப்போதும் சில இழைகள் தலைதூக்கி நின்றன. மாமியாரின் பழைய கத்திரியைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, மட்டமாக நறுக்கிவிட்டார்.

கம்மென்று ஒரு வாசனை எழுந்தது. அச்சகத்தில் மை துடைக்கிற டர்பன்டைன் வாசனை! மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திங்கட்கிழமை மறுபடி அந்த வாசனைக்கு நடுவேதான் இருப்போம் என்று நினைத்துக்கொண்டார். புல்லில் எதற்கு டர்பன்டைன் வாசனை வருகிறது என்று மட்டும் அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

மாமியார் தேநீரோடு வந்தார்.

“பாருங்க அத்தை. மாமா மரத்துல ஒரு கீறல் கிடையாது. சாக்கு சுத்தித்தான் வெட்டினேன்” என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் பெருமை.

மாமியார் சாக்குச் சுற்றிய மரத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அது எதுக்கு மாப்பிள்ளை? அது பறவை போட்ட விதையில தானா முளைச்சது. மாமாவோட மரம் எங்க?”

“எந்த மரம்?”

“செங்கல் வச்சு நடுவுல இருந்துச்சே!”

“அது புல்லு அத்தை.”

“ஐயோ, அதுதான் மாப்பிள்ளை மரம்!”

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

இந்த இடத்தில் மரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் மாமனார் ஒரு மலை விடுதியில் லிஃப்ட் சரிசெய்யப் போனார். அந்த மலை முழுக்கப் பைன் மரங்கள், பிசினிலிருந்து டர்பன்டைன் எடுப்பார்களே, அந்த மரம். ஒவ்வோர் ஊசியும் முழங்கை நீளம், மும்மூன்றாகக் கொத்துக்கொத்தாய், காற்றடித்தால் தூரத்தில் தண்ணீர் ஓடுவது போல ஒரு சத்தம். மனிதர் வேலை முடிந்தும் கிளம்பாமல் அண்ணாந்து நின்றாராம். அங்கே கீழே கிடந்த காய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதிலிருந்த விதைகளை மணலில் போட்டு முளைக்க வைத்தார். பாதியை நத்தை தின்றது. மீதியில் பாதி, மாமியார் பாசமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுகிப்போனது. ஒன்றை இடம் மாற்றப் போய் ஆணிவேர் ஒடிந்தது. தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான்.

பிழைத்ததே தவிர, வளரவில்லை. இந்த ஜாதிப் பைனுக்கு அப்படி ஒரு குணம். முளைத்துச் சில வருடங்கள் அசல் புல் மாதிரியே தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அந்தக் காலம் முழுக்க வேரைக் கீழே கீழே இறக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு வருடம் நடுக்குருத்து வெள்ளையாய் மெழுகுவர்த்தி போல எழும்பும். அப்புறம் பிடிக்க முடியாது. இது தெரியாத தெருக்காரர்கள், “என்ன சார், உங்க மரத்துல ஊஞ்சல் கட்டலாமா?” என்று கேலி செய்வார்கள். மாமனார் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் களை பறிப்பார். மற்ற புல் நெருக்கினால் அது கோபித்துக்கொள்ளும் என்பார். தெருவுக்கே தெரிந்த விஷயம் என்பதால்தான் மாப்பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லவில்லை.

மகளுக்குப் போன் பறந்தது. பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போய் மண்ணில் குனிந்தாள். ஒட்ட நறுக்கிய அடிக்கட்டைகளுக்கு நடுவே, விரல் நுனி அளவுக்கு வெள்ளையாய்ப் பஞ்சு மூடிய ஒரு மொட்டு. அதன் ஒரு பக்கத்தில் பிசின் துளிர்த்து நின்றது.

“குருத்து மேலேயே பட்டிருக்குங்க” என்றாள். “போன வாரம்தான் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த மாசம் எழுந்துடும், யார்கிட்டயும் சொல்லாதே, எழுந்தப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டலாம்னார்.”

மாப்பிள்ளை தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். “நான் இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்தே உங்களுக்கெல்லாம் கஷ்டம்தான். அத்தைக்கும் அது தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்?” என்றார் மாமியார்.

“அன்னிக்கு போன்ல சொல்லிட்டிருந்தீங்க. அவர் நல்லவர்தான், ஆனான்னு. என் காதுல விழுந்தது.”

மாமியார் ஒரு கணம் விழித்தார். பிறகு ஞாபகம் வந்தது. “அட ராமா! முழுசாக் கேக்கக் கூடாதா? ‘அவர் நல்லவர்தான், ஆனா இந்த மனுஷன் அவரை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடாம விருந்தாளி மாதிரி உக்கார வச்சிருக்கார், பாவம், எத்தனை நாள்தான் தாங்குவார்’னு என் தங்கச்சிகிட்டப் புலம்பிட்டிருந்தேன்!”

அந்தப் பாதி வாக்கியத்தை நம்பித்தானே மாப்பிள்ளை ஊரை விட்டுப் போக விண்ணப்பம் போட்டார்? அதை இப்போது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். மனைவி வெட்டுப்பட்ட மொட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரே நாளில் இரண்டு இடி எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் அவர் அன்றைக்குச் செய்த இரண்டாவது தப்பு இது.

மாமியார் எழுந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “சரி, ஆனது ஆச்சு. வெட்டின ஊசியெல்லாம் எங்க?”

“ஓரமாக் கூட்டி வச்சிருக்கேன்.”

“எடுத்துட்டு வாங்க. நட்டுடலாம்.”

“அம்மா!” என்றாள் மகள்.

“வேர் விடறதுக்கா சொல்றேன்? இன்னிக்கு ஒரு நாள் தள்ளணும்டி. மனுஷன் மூணு நாள் வேலை செஞ்சுட்டுக் களைச்சு வர்றார். வந்ததும் வராததுமா இதைப் பாத்தா ரத்தக் கொதிப்பு எகிறிடும். நாளைக்கு சாப்பிட வச்சு, பக்குவமாச் சொல்லிக்கலாம்.”

“அப்பா ஒரு நட்டு லூசா இருந்தா சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கிறவர். இதைக் கண்டுபிடிக்க மாட்டாரா?”

“மெஷினைத்தான் கண்டுபிடிப்பார். போன வருஷம் நான் முடியைப் பாதியா வெட்டிக்கிட்டதை ஒரு மாசம் கழிச்சுதான் பாத்தார்.”

மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். அன்று மத்தியானம் அந்தப் பின்கட்டில் நடந்ததை அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்திருந்தால் மூவருக்கும் ஒரேயடியாக மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை ஊசிகளை நீளவாரியாகப் பிரித்துத் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். தொழில் புத்தி எங்கே போகும்? மாமியார் அவற்றை மும்மூன்றாக மொட்டைச் சுற்றி மண்ணில் செருகினார். மகள் தள்ளி நின்று, “அந்தப் பக்கம் சொட்டையா இருக்கு” என்றாள். செங்கற்கள் மறுபடி வட்டமாக வந்து உட்கார்ந்தன. முடிந்து பார்த்தால், வெளிச்சம் குறைந்த நேரத்தில், ஓரளவு ஏமாற்றும் போலத்தான் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் மாமனார் வந்தார். பையை வைத்தார். மாமியார் நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டு, பயந்தது போலவே, நேரே பின்கட்டுக்குப் போனார். மூவரும் பின்னாலேயே போனார்கள்.

“அட, புல்லெல்லாம் எடுத்தாச்சா? யார் செஞ்சது?”

“மாப்பிள்ளைதான்” என்றார் மாமியார். “வெயில்ல நின்னு அவ்வளவும் அவரே.”

மாமனார் திரும்பினார். அதே மரியாதை, அதே சங்கடமான சிரிப்பு. “நீங்க எதுக்கு மாப்பிள்ளை சிரமப்படறீங்க? ஞாயித்துக்கிழமை நான் பாத்திருப்பேனே. ரொம்ப தேங்க்ஸ்.”

அப்புறம் செங்கல் வட்டத்துக்கு முன்னால் நின்று, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக உறிஞ்ச ஆரம்பித்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. மாமியார் மகளைப் பார்த்துக் கண்ணால் ‘பாத்தியா’ என்றார்.

மாப்பிள்ளை பேசாமல் இருந்திருக்கலாம். இன்று தப்பித்தால் போதும், திங்கட்கிழமை அவர் இங்கே இருக்கப் போவதில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் நாளைக் காலை வந்து நின்றது. இதே மனிதர் இதே டம்ளரோடு வந்து நிற்பார். ஊசிகள் வாடிச் சாய்ந்து கிடக்கும். காற்றில் ஒன்றிரண்டு பிடுங்கிக்கொண்டு பறக்கும். அவருக்கு அது தாங்கவில்லை.

“மாமா, அது நெஜம் இல்லை” என்றார்.

“எது?”

மாப்பிள்ளை குனிந்து மூன்று ஊசிகளை உருவி நீட்டினார். “எல்லாமே செருகி வச்சது. புல்லுன்னு நினைச்சு நான் வெட்டிட்டேன். உங்க மரம் அதுன்னு எனக்குத் தெரியல. குருத்துல பட்டிருக்கு.”

மாமனார் ஊசிகளை வாங்கிப் பார்த்தார். செங்கல்லைத் தாண்டிக் குந்தி உட்கார்ந்து, இன்னும் ஒரு பிடியை உருவினார். கையோடு வந்தது.

“என் யோசனைதாங்க, செருகினது…” என்று மாமியார் ஆரம்பித்தார்.

“நீ சும்மா இரு!”

அந்தக் குரலில் மாடிச் சுவரில் இருந்த பறவைகூடப் பறந்துவிட்டது. மாமனார் எழுந்து மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“அறிவிருக்கா உனக்கு? கண்ணைப் பிடரியில வச்சிருந்தியா? அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷமா ஊரே சிரிச்சுது, நான் ஒத்தை ஆளா வளத்தேன். செங்கல்லு வச்சிருக்கேனே, எதுக்கு வச்சிருக்கேன், அழகுக்கா? இது என்னன்னு கேக்க வாயில்ல? அஞ்சு மாசமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கியே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து, இது என்ன மாமான்னு கேட்டிருக்கியா?”

“நீங்க தனியா நிக்கிறீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் மாமா…”

“தொந்தரவுன்னு யார் சொன்னா? நான் சொன்னேனா? காலங்காத்தால பேச ஆளில்லாம ஒரு புல்லுகிட்ட நின்னு டீ குடிச்சிட்டிருக்கேன்! நீ டம்ளரை எடுத்துட்டு வந்து பக்கத்துல நின்னா என்ன குடிமுழுகிப் போகும்? மாடியில உக்காந்துக்கிட்டு எட்டிக்கூடப் பாக்கிறதில்ல. நம்ம வீடு அவனுக்குப் பிடிக்கலையாக்கும், எதுக்குப் போய் வற்புறுத்தணும்னு நானும் ஒதுங்கி ஒதுங்கிப் போறேன்!”

மாமனார் மறுபடி மொட்டுக்கு முன்னால் குந்தினார்.

“என்ன முழிக்கிறே? டார்ச்சை எடுத்துட்டு வா. ஓடு!”

மாப்பிள்ளை ஓடினார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவரிடம் ஒரு வேலை சொல்லப்பட்டிருந்தது. சமையலறை அலமாரியில் டார்ச்சைத் தேடுகிற அவசரத்தில், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, டார்ச்சை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

“உங்கப்பா மாப்பிள்ளையைத் திட்டிட்டாரேடி” என்று மாமியார் நடுங்கினார்.

“திட்டட்டும்மா. நல்லாத் திட்டட்டும்” என்றாள் மகள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பின்கட்டில் இரண்டு ஆண்களும் முட்டியோடு முட்டி இடிக்கக் குந்தியிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் மாமனார் செருகியிருந்த ஊசிகளையெல்லாம் உருவிப்போட்டார். மொட்டை ஒற்றை விரலால் தொட்டார்.

“இன்னும் கிட்ட காட்டு. ஆங். ஓரத்தைச் சீவியிருக்கே. நடு பிழைச்சிருக்கா இல்லையான்னு சொல்ல முடியல.”

“போயிடுமா மாமா?”

“அந்த மலையில வருஷா வருஷம் கீழே இருக்கிற சருகுக்குத் தீ வைப்பாங்க. இந்த மாதிரிக் குட்டியெல்லாம் கருகிக் கட்டையா நிக்கும். ஊசி போனாலும் உள்ள குருத்து பிழைச்சுக்கும், மறுபடி பச்சை கட்டும். நெருப்புக்கே தப்பிக்கும். நீ கத்திரியும் கையுமா வந்தா என்ன பண்ணும்?” கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனால் சத்தம் இறங்கியிருந்தது. “இப்போ கேட்டுக்கோ. பாவம்னு தண்ணி ஊத்தித் தொலைக்காதே. மழை பெய்யறது போதும். மேல எதையும் போட்டு மூடக் கூடாது, வெயில் நல்லாப் படணும். சுத்தி ஒரு கை அகலத்துக்குப் புல்லு வரக் கூடாது, வந்தா கையால பிடுங்கு. கையாலன்னு சொன்னேன்!”

“சரி மாமா.”

“தினமும் காலையில தொட்டுப் பாரு. வெள்ளையா, கெட்டியா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். பழுப்பாகி நசநசன்னு ஆச்சுன்னா போயிடுச்சு. ஒரு மாசம் ஆகும் தெரிய. நான் வர்ற வாரம் வெளியூர் போனா சீக்கிரத்துல திரும்ப மாட்டேன், பெரிய வேலை. உங்க அத்தைகிட்ட விட்டா குடம் குடமா ஊத்திடுவா. வெட்டினவன் நீதானே? நீதான் பாக்கணும்.”

“நான் பாத்துக்கறேன் மாமா” என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரோ நெஞ்சின் மேலிருந்த கல்லை எடுத்துவிட்டதைப் போலிருந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியது அவருக்கு ஞாபகம் வந்தது, சொல்லி முடித்த பிறகுதான்.

சமையலறைக் கதவு திறந்தது. மனைவி படியிறங்கி வந்தாள். கையில் அவருடைய போன். அவள் வேகமாக வரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“யாரோ மேனேஜராம்” என்றாள். “திங்கட்கிழமை வர்றது உறுதியான்னு கேக்கறார். ஒரு வருஷத்துக்கு லீவு கிடையாதுங்கிறதை வீட்ல சொல்லிட்டீங்களான்னும் கேக்கறார்.”

“எந்த மேனேஜர்? எங்க வர்றதுக்கு?” என்றார் மாமனார், மொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “நானே சொல்லணும்னுதான்… காலையிலதான் தெரியும். உனக்கு…”

“லைன்ல இருக்கார். பேசுங்க.”

போனை அவர் கையில் வைத்தாள். டார்ச்சை வாங்கிக்கொண்டு, அவர் எழுந்த இடத்தில் அப்பாவின் பக்கத்தில் குந்தினாள். அதன் பிறகு அவர் பக்கம் திரும்பவில்லை.

மாமனார் மொட்டுக்கு மேல் இன்னும் குனிந்தார். “கையை ஆட்டாம பிடிம்மா. ஒண்ணும் தெரியல.”

“ஆட்டலப்பா” என்றாள் அவள். வெளிச்சம் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தார்.

“என்னப்பா, கட்டிலை உன் பேர்ல எழுதிடட்டுமா?” என்றார் மேனேஜர்.